ரீஸ்டார்ட் கேட்காத சுவிட்ச் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறேன். புது போன், புது செயலி, பாஸ்வேர்டு திருட்டு என்று நிறைய எழுதுகிறீர்கள், பயனாகவும் இருக்கிறது. ஆனால் காலையிலிருந்து இரவு வரை நாம் எல்லோரும் திறந்தே வைத்திருக்கிற பிரவுசருக்குள், இணைப்பு சம்பந்தமாகச் சில சுவிட்சுகள் இருக்கின்றன, அவற்றைப் பற்றி யாரும் பேசிப் பார்த்ததில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓர் அலுவலகத்தில் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது என் வேலை. போன மாதம் எங்கள் கணக்குப் பிரிவில் இருக்கும் அக்கா ஒருவர் மதிய இடைவேளையில் என்னைக் கூப்பிட்டார். மகளுடைய உதவித்தொகை விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். ஏழெட்டுப் பக்கம் உள்ள படிவம், எல்லாம் நிரப்பியாகிவிட்டது, கடைசியில் சான்றிதழை ஏற்ற வேண்டும், அங்கேதான் சிக்கல். நீலக் கோடு பாதி தூரம் நகர்ந்து அப்படியே நின்றுவிடுகிறது. திரும்ப முயன்றாலும் அதே இடம். மற்றபடி எந்தத் தளத்தைத் திறந்தாலும் பளிச்சென்று வருகிறது, வீடியோகூட ஓடுகிறது.

எனக்குக் காரணம் தெரியும். எங்கள் ஃபயர்வால், அதாவது உள்ளே வெளியே போகும் தகவலைச் சோதிக்கும் காவல் கருவி, பழையது. யூடிபி என்ற முறையில் போகும் பாக்கெட்டுகள் (தகவல் துண்டுகள்) ஓர் அளவுக்கு மேல் போனால் அதற்குப் பிடிக்காது, வெட்டிவிடும். இப்போதைய பிரவுசர்களோ தளங்களோடு எச்டிடிபி/3 என்ற புதிய முறையில் பேசுகின்றன. அது ஓடுவது க்விக் என்ற நெறிமுறையின் மேல், க்விக் ஓடுவது யூடிபியின் மேல், 443ஆம் எண் வாசலில் (போர்ட்). யூடிபியை முழுசாக அடைத்திருந்தால் பிரச்சினையே வந்திருக்காது, பிரவுசர் தானாகவே பழைய டிசிபி வழிக்குத் திரும்பியிருக்கும். எங்கள் இடத்தில் அது பாதி திறந்த கதவு. முதலில் கை குலுக்குவது நடந்துவிடும், சின்னச் சின்னப் பதில்கள் வந்துவிடும், பெரிய கோப்பை மேலே அனுப்பும்போதுதான் மூச்சு முட்டும். இணைப்பு இருக்கிறது என்றே பிரவுசர் நம்பிக்கொண்டிருக்கும்.

சரி, க்விக்கை அணைத்தால் வேலை முடிந்தது என்று அவர் பிரவுசரின் உள் அமைப்புப் பக்கத்தைத் திறந்து அந்த ஒரு வரியைத் தேடி 'டிசேபிள்' என்று மாற்றினேன். உடனே திரையின் அடியில் ஒரு பட்டை எழுந்து வந்தது: பிரவுசரை மறுபடி தொடங்கினால்தான் இந்த மாற்றம் நடைமுறைக்கு வருமாம். பக்கத்தில் ஒரு பொத்தான். அக்கா என் முகத்தைப் பார்க்கிறார். படிவத்தில் 'தற்காலிகமாகச் சேமி' என்று எதுவும் இல்லை. ஓடிபி போட்டு உள்ளே வந்த செஷன், பிரவுசரை மூடினால் போய்விடும். "மூடினா எல்லாம் போயிடுமா?" என்று கேட்டார். போய்விடும் என்றுதான் சொல்ல முடிந்தது. வேறு வழியில்லாமல் மூடித் திறந்தோம். டேப்கள் எல்லாம் திரும்பி வந்தன, படிவம் மட்டும் லாகின் பக்கத்தில் போய் நின்றது. முதல் பக்கத்திலிருந்து, மகளின் பெயர், பிறந்த தேதி, மதிப்பெண்கள், வங்கிக் கணக்கு எண் என்று எல்லாவற்றையும் மறுபடி அடித்தார். இடைவேளை முடிந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது, சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. சான்றிதழ் இந்த முறை ஒரே மூச்சில் ஏறியது.

ஒரே ஒரு மதிப்பை 'ஆம்' என்பதிலிருந்து 'இல்லை' என்று மாற்றுவதற்கு ஒரு மனுஷி இவ்வளவு விலை கொடுக்க வேண்டுமா? இதுதான் என் கேள்வி, இதற்காகத்தான் எழுதுகிறேன்.

அப்புறம் இன்னொரு பிரவுசரில் சோதித்துப் பார்த்தேன். அதில் ரீஸ்டார்ட் எதுவும் கேட்கவில்லை, மாற்றியவுடன் பேசாமல் ஏற்றுக்கொண்டது. சந்தோஷமாக டெவலப்பர் கருவியைத் திறந்து, நெட்வொர்க் பட்டியலில் 'புரோட்டோகால்' நெடுவரிசையை வரவழைத்து, பக்கத்தை ரீலோட் செய்தேன். எச்3, அதாவது எச்டிடிபி/3 என்றுதான் காட்டியது. டேபை மூடிவிட்டுப் புது டேபில் அதே தளத்தைத் திறந்தேன், இன்னமும் எச்3. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து ரீலோட் செய்தபோதுதான் எச்2, அதாவது டிசிபி வழியில் ஓடும் முந்தைய எச்டிடிபி/2 என்று மாறியிருந்தது. அதாவது சுவிட்ச் அணைந்ததாகக் காட்டிக்கொண்டிருந்த நேரம் முழுக்க உள்ளே பழைய வழியிலேயேதான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, யாரும் என்னிடம் சொல்லவில்லை. முதல் பிரவுசராவது ரீஸ்டார்ட் வேண்டும் என்று நேர்மையாகச் சொன்னது. இரண்டாவதில் நான் மாற்றியது வேலை செய்ததா இல்லையா என்றே ஒரு சாதாரண ஆளுக்குத் தெரிய வழியில்லை. எனக்கு இதுதான் அதிகம் வருத்தமாக இருந்தது.

இது ஏன் இப்படி என்று தெரிந்துகொள்வது கஷ்டமில்லை. ஒரு தளத்துக்கு ஒரு தடவை இணைப்பு போட்டுவிட்டால் பிரவுசர் அதைச் சுலபத்தில் விடாது, ஏனென்றால் புது இணைப்புக்கு ஒவ்வொரு முறையும் கை குலுக்கி, சாவி மாற்றிக்கொண்டு, நேரம் செலவாகும். அதனால் வேலை முடிந்த இணைப்பையும் ஒரு கிடங்கில் வைத்துக்கொள்கிறது. ஃபயர்பாக்ஸில் சும்மா இருக்கும் ஒரு சாதாரண இணைப்பை வைத்திருக்கும் கால அளவு இயல்பாக 115 வினாடி. இந்தக் கிடங்கு டேபுக்குச் சொந்தமில்லை, பிரவுசருக்குச் சொந்தம், அதனால் டேபை மூடினால் இணைப்பும் மூடிவிடும் என்று நாம் நினைப்பது தப்பு. கிடங்கைத் தவிர ஒரு ஞாபகமும் உண்டு. 'நான் எச்டிடிபி/3லும் பேசுவேன்' என்று சர்வர் ஒரு தடவை சொல்லிவிட்டால், எவ்வளவு நேரத்துக்கு என்று சர்வர் குறிப்பிடாத பட்சத்தில், 24 மணி நேரம் அதை நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று விதி இருக்கிறது. ஆக, சுவிட்சைத் தட்டினால் மாறுவது இனிமேல் வரப்போகும் முடிவுகள்தான். ஏற்கெனவே போட்ட இணைப்பும் ஏற்கெனவே கேட்ட சேதியும் அப்படியே கிடக்கும்.

எழுதுகிற பொறியாளர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. பிரவுசருக்குள் பல வேலைகள் ஒரே சமயத்தில் பல இழைகளில் (த்ரெட்), பல செயல்முறைகளில் நடக்கின்றன. ஒரு மதிப்பை ஒருவர் படித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் மாற்றினால், பாதி வேலை பழைய மதிப்பிலும் பாதி வேலை புது மதிப்பிலும் நடந்து குழப்பமாகும். ஃபயர்பாக்ஸின் மூல நிரலைப் பார்த்தால் இதற்காகவே அமைப்புகளை வகை பிரித்து வைத்திருக்கிறார்கள். சில மதிப்புகளை எப்போது மாற்றினாலும் உள்ளே உடனே தெரியும், அவற்றுக்கு 'ஆல்வேஸ்' என்று குறி. சில மதிப்புகளை நிரல் ஒரே தடவை படித்து வைத்துக்கொண்டு அதோடு சரி, பிரவுசரை மூடும்வரை அதுதான், அவற்றுக்கு 'ஒன்ஸ்'. எந்தப் பெட்டியில் போடுவது என்று ஒவ்வொரு அமைப்புக்கும் யாரோ ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்கிறார். 'ஒன்ஸ்' பெட்டியில் போட்டால் சோதிக்க வேண்டியது குறைவு, பிழை வருவதும் குறைவு. புரிகிறது. ஆனால் அந்த முடிவின் சுமையை யார் சுமக்கிறார்கள் என்றால், இரண்டாவது தடவை வங்கிக் கணக்கு எண்ணை அடிக்கிற அக்கா சுமக்கிறார்.

முடியாத காரியமும் இல்லை. இடைத்தரகு சர்வர் வழியாகப் போகச் சொல்லும் பிராக்ஸி அமைப்பை ஃபயர்பாக்ஸில் மாற்றுங்கள், ரீஸ்டார்ட் தேவையில்லை. தளத்தின் பெயரை வைத்து அதன் எண் முகவரியைக் கேட்கும் தேடலை மறையாக்கி அனுப்பும் வசதி இருக்கிறதே, எச்டிடிபிஎஸ் வழியாக டிஎன்எஸ், 2018இல் தரப்படுத்தப்பட்டது, அதை அமைப்புகளில் மாற்றினாலும் அடுத்த தேடலிலிருந்தே நடைமுறைக்கு வருகிறது. இன்னும் பழைய உதாரணம், ஃபயர்பாக்ஸின் 'ஆஃப்லைனில் வேலை செய்' என்ற மெனு வரி. தட்டிய அந்த நொடியே எல்லாம் அறுந்துவிடும், மறுபடி தட்டினால் திரும்பி வரும், திறந்திருக்கும் பக்கங்களுக்கும் 'இப்போது இணைப்பு இல்லை', 'இப்போது இருக்கிறது' என்று சேதி போகும். அந்தச் சேதியைக் கேட்டு வரைவைச் சேமித்து வைத்துக்கொள்ளும் பக்கங்களும் உண்டு. ஒட்டுமொத்த இணையத்தையே ஓடும்போது துண்டித்து ஓடும்போதே சேர்க்க முடிகிறது என்றால், ஒரு நெறிமுறையை மட்டும் அப்படிச் செய்ய முடியாதா? குரோமில்கூட நெட்-இன்டர்னல்ஸ் என்ற உள்பக்கத்தில் சாக்கெட் கிடங்கை, அதாவது நான் சொன்ன இணைப்புக் கிடங்கை, காலி செய்ய ஒரு பொத்தான் இருக்கிறது. அமுக்கினால் இருக்கும் இணைப்புகள் எல்லாம் மூடிக்கொள்ளும், ரீஸ்டார்ட் கிடையாது. அப்படியென்றால் உறுப்புகள் எல்லாம் தனித்தனியாக இருக்கின்றன, சேர்த்து ஒரு சுவிட்சாக்கத்தான் யாரும் மெனக்கெடவில்லை.

மரியாதையாக விடைபெறுவதற்கும் நெறிமுறையிலேயே வழி இருக்கிறது. எச்டிடிபி/2, எச்டிடிபி/3 இரண்டிலும் 'கோஅவே' என்று ஒரு சேதி உண்டு. 'நடந்துகொண்டிருப்பதை முடித்துக்கொள்வோம், புதிதாக எதையும் இந்த இணைப்பில் தொடங்க வேண்டாம்' என்று பொருள். சுவிட்சைத் தட்டியதும் பிரவுசர் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: பாதியில் இருக்கும் பதிவிறக்கத்தை முடியவிடுவது, அடுத்த கோரிக்கையைப் புது வழியில் அனுப்புவது, பழைய இணைப்பு காலியானதும் மூடிவிடுவது. அக்காவின் சான்றிதழ் போல முடியாமலே தொங்கிக்கொண்டிருந்தால், 'இப்போதே துண்டி' என்று பக்கத்தில் ஒரு பொத்தான்.

இதெல்லாம் நெட்வொர்க்காரர்களின் சின்னத் தலைவலி என்று நினைப்பவர்களுக்கு 2022 ஜனவரி 13ஆம் தேதியை ஞாபகப்படுத்துகிறேன். அன்று உலகம் முழுக்க ஏராளமானவர்களுக்கு ஃபயர்பாக்ஸ் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் உறைந்துபோனது. பிரவுசர் திறக்கும், எந்தப் பக்கமும் வராது. நடந்தது என்னவென்றால், ஃபயர்பாக்ஸைத் தயாரிக்கும் மொசில்லா பயன்படுத்திய கிளவுட் சேவையின் சுமைப் பகிர்வு சர்வர்களில் எச்டிடிபி/3 முன்னறிவிப்பில்லாமல் இயல்பு நிலையாகிவிட்டது. ஃபயர்பாக்ஸ் பயன்பாட்டுத் தகவலை அங்கே அனுப்பும்போது, உள்ளடக்க நீளத்தைச் சொல்லும் தலைப்பின் பெயரை ஒரு பகுதி சிறிய எழுத்தில் எழுத, இன்னொரு பகுதி பெரிய எழுத்தில் தேட, கிடைக்காமல் எச்டிடிபி/3 நிரல் முடிவில்லாத சுழலில் மாட்டிக்கொண்டது. ஃபயர்பாக்ஸின் எல்லா நெட்வொர்க் போக்குவரத்தும் ஒரே இழை வழியாகத்தான் போகிறது. அந்த இழை சுழலில் சிக்கியதும் மற்ற எல்லாம் வரிசையில் நின்றுவிட்டன. எழுத்தின் அளவில் வந்த ஒரு வித்தியாசம், அவ்வளவுதான்.

அன்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட வைத்தியம் என்ன தெரியுமா? அபவுட் கான்ஃபிக் என்ற ஃபயர்பாக்ஸின் உள் அமைப்புப் பக்கத்துக்குப் போய் எச்டிடிபி/3ஐ அணைத்துவிட்டு, பிரவுசரை மறுபடி தொடங்குவது. அன்றைய தடங்கலை மொசில்லா தன் சர்வர் பக்கத்தில் எச்டிடிபி/3ஐ நிறுத்தித் தீர்த்தது. அதற்குப் பிறகும் மாட்டிக்கொண்டிருந்தவர்கள் ரீஸ்டார்ட் செய்யத்தான் வேண்டியிருந்தது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, தயாரிப்பாளர் தூரத்திலிருந்து அமைப்புகளை மாற்ற வழி வைத்திருந்தாலும், உறைந்துபோன பிரவுசர் அந்தக் கட்டளையை வாங்கவே முடியாது, நெட்வொர்க் செத்துக் கிடக்கிறதே. அந்த நிலையில் மிச்சமிருக்கும் ஒரே சுவிட்ச் பயனர் கையில் இருப்பதுதான். சுழலில் சிக்கிய இழையை ஒரு சுவிட்சால் மீட்டிருக்க முடியாது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்னும் மாட்டிக்கொள்ளாதவர்கள் முன்கூட்டியே அணைத்துக்கொண்டிருக்கலாம், திறந்திருக்கும் வேலையை இழக்காமல்.

இன்னொரு சம்பவம் நல்ல விதத்தில் எனக்கு நினைவிருக்கிறது. 2020 மார்ச்சில் ஃபயர்பாக்ஸ் 74, டிஎல்எஸ் 1.0, 1.1 என்ற பழைய மறையாக்க முறைகளை நிறுத்தியது. அவற்றையே நம்பியிருந்த தளத்துக்குப் போனால் அப்போது பிழைப் பக்கம் வந்தது, அந்தப் பிழைப் பக்கத்திலேயே அவற்றை மறுபடி இயக்கிக்கொள்ள ஒரு பொத்தானும் இருந்தது. எங்கே தடுக்கிறதோ அங்கேயே சுவிட்ச், ரீஸ்டார்ட் இல்லை, உள் அமைப்புப் பக்கத்தின் எச்சரிக்கையைத் தாண்டிப் போய்த் தேட வேண்டியதில்லை. கொரோனா நேரத்தில் அரசுத் தளங்கள் சில கிடைக்காமல் போகக்கூடாது என்று மொசில்லா அந்தத் தடையையே சில மாதங்களுக்குத் திரும்பப் பெற்றுக்கொண்டு, 78ஆம் பதிப்பில் மறுபடி கொண்டுவந்தது. அந்தப் பொத்தானில் ஒரு குறை, ஒரு தளத்துக்காக அமுக்கினாலும் பிரவுசர் முழுவதற்கும் திறந்துவிட்டது, தானாக மூடிக்கொள்ளவில்லை. அதைச் சரிசெய்திருந்தால் நான் கேட்கும் சுவிட்சுக்கு அதுவே மாதிரி.

'சாதாரண ஜனங்கள் கையில் இதையெல்லாம் கொடுத்தால் பாதுகாப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள்' என்று என் தொழிலில் இருப்பவர்களே சொல்கிறார்கள். இதில் எனக்கு உடன்பாடில்லை. மறையாக்கத்தைக் குறைக்கிற சுவிட்ச் வேறு, வேகத்துக்காக வந்த வழியை மாற்றுகிற சுவிட்ச் வேறு. எச்டிடிபி/3இலிருந்து எச்டிடிபி/2க்குப் போனால் பூட்டு ஒன்றும் கழன்றுவிடாது, அங்கேயும் அதே மறையாக்கம்தான், பாதைதான் வேறு. பாதுகாப்பைத் தொடும் சுவிட்சாக இருந்தால் முகவரிப் பட்டையில் அணைந்திருக்கும் நேரம் முழுக்க ஓர் அடையாளம் காட்டட்டும், எந்த வலைப்பக்கமோ எக்ஸ்டென்ஷனோ நமக்குத் தெரியாமல் அதைத் தட்ட முடியாதபடி வைக்கட்டும். அதற்காக எல்லாவற்றையும் பூட்டி வைப்பது சரியில்லை.

யோசித்துப் பார்த்தால், ரீஸ்டார்ட் கேட்பதால்தான் புதிய தொழில்நுட்பத்துக்கே கெட்ட பெயர் வருகிறது. க்விக் நல்ல விஷயம். இணைப்பு போடுவதும் மறையாக்கத்துக்கான பேச்சும் ஒரே சுற்றில் முடிகிறது, ஒரு பாக்கெட் தொலைந்தால் மற்ற கோப்புகள் அதற்காகக் காத்து நிற்பதில்லை, வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினாலும் இணைப்பு அறுந்துபோகாமல் தொடர வழி வைத்திருக்கிறார்கள். 2021இல் க்விக்கும் 2022இல் எச்டிடிபி/3யும் முறையான தரமாக வந்தபோது மனதார மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவர். ஆனால் என் அனுபவத்தில், அணைப்பதற்கே இவ்வளவு பாடுபட்டவர் மறுபடி இயக்குவதற்காக இன்னொரு தடவை எல்லாவற்றையும் மூடித் திறக்க மாட்டார். 'ஒரு தடவை வேலை செஞ்சுது, இனி தொட வேண்டாம்' என்று விட்டுவிடுவார். அந்த அக்காவின் பிரவுசரில் இன்றுவரை க்விக் அணைந்துதான் இருக்கிறது. வீட்டு இணைப்பில் அது நன்றாகவே ஓடும், ஆனால் அங்கேயும் அதே மடிக்கணினிதான். என்னைப் போன்ற நெட்வொர்க்காரர்களும் தினம் தினம் பஞ்சாயத்து வேண்டாம் என்று ஃபயர்வாலிலேயே 443 யூடிபியை மொத்தமாக அடைத்துவிடுகிறோம். நானும் கடைசியில் அதைத்தான் செய்தேன், மனசில்லாமல். ஓடும்போதே ஒரு மணி நேரத்துக்கு அணைத்து, தானாகத் திரும்ப இயங்குகிற மாதிரி ஒரு சுவிட்ச் இருந்திருந்தால் அந்த முடிவுக்கே வந்திருக்க மாட்டேன்.

ஆகவே பிரவுசர் தயாரிப்பவர்களிடம் கேட்கிறேன். இணைப்பு சம்பந்தமான எந்தச் சுவிட்சானாலும் தட்டிய நேரத்திலிருந்து வரும் புது இணைப்புகளுக்காவது அது பொருந்தட்டும். பழைய இணைப்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், 'மூன்று இணைப்புகள் இன்னும் பழைய முறையில் இருக்கின்றன' என்று சுவிட்சுக்குக் கீழேயே ஒரு வரி காட்டட்டும். ஒரு தளத்துக்கு மட்டும், ஒரு மணி நேரத்துக்கு மட்டும் என்று வரம்பு வைக்க வழி கொடுக்கட்டும். ரீஸ்டார்ட் இல்லாமல் முடியவே முடியாது என்றால், மதிப்பை மாற்றிய பிறகு சொல்லாமல், மாற்றும் முன்பே பக்கத்தில் எழுதி வைக்கட்டும், ரீஸ்டார்ட் செய்தால் எந்த டேபில் நிரப்பிய படிவம் தொலையும் என்றும் காட்டட்டும். படிவத்தில் எழுதியிருப்பது பிரவுசருக்குத் தெரியும், டேபை மூடப்போனால் பல தளங்களில் எச்சரிக்கிறதே. அப்புறம் சோதனைப் பக்கத்தில் இருக்கும் அமைப்புகளை ஏதோ ஒரு பதிப்பில் சத்தமில்லாமல் எடுத்துவிடும் பழக்கம், அதையும் இணைப்பு விஷயத்திலாவது நிறுத்த வேண்டும். என்ன ஆனது என்று தெரியாமல் நாங்கள் கேபிளைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறோம்.

படிவம் வைக்கிற தளங்களிடமும் ஒரு வார்த்தை: ஏழெட்டுப் பக்கப் படிவத்தில் ஒரு 'சேமி' பொத்தான் வையுங்கள்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் ஒரு வாரம் இதற்கு இடம் கொடுங்கள். தங்கள் பிரவுசர் எந்த முறையில் பேசுகிறது என்று பார்ப்பது எப்படி, கோப்பு ஏறாமல் நின்றால் முதலில் எதைச் சோதிப்பது, எந்தச் சுவிட்ச் உடனே வேலை செய்யும், எது செய்யாது என்று படத்தோடு போட்டால் போதும். எழுத ஆள் வேண்டுமென்றால் நான் தயார், படங்களும் எடுத்து அனுப்புகிறேன்.

அந்த விண்ணப்பம் ஏற்கப்பட்டுவிட்டது என்று போன வாரம் அக்கா வந்து சொன்னார். அவர் பிரவுசரில் க்விக்கை மறுபடி இயக்க வேண்டும் என்று நான் சொன்னதற்கு, எல்லா டேபையும் மூடிவிட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொண்டுவந்து தருகிறேன் என்றிருக்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்,
நெட்வொர்க் பராமரிப்புப் பணியில் இருப்பவர்